பத்தாவது பிறந்த நாளில் வந்த சைக்கிள்

நம் வீடுகளில் குழந்தைக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுக்கும்போது கூடவே ஒரு நிபந்தனையையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். "தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் வரையில் போகலாம், அதற்கு அப்பால் பெரிய ரஸ்தாவில் கால் வைக்கக் கூடாது" என்பது அந்த நிபந்தனை. பையனாயிருந்தால் ஆறு மாதத்தில் நிபந்தனை தளர்ந்துவிடும். பெண்ணாயிருந்தால் நிபந்தனை அப்படியே நிற்கும். சைக்கிள்தான் நாளடைவில் துருவேறிக் கொல்லைப்புறம் போய்ச் சேரும்.

பெரியவர்களைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. லாரிகள் பறக்கும் சாலையில் குழந்தையை அனுப்பிவிட்டு வாசலில் நிற்பவர்களின் கவலை, அவ்வாறு நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் சைக்கிளோடு நிபந்தனைக்குப் பதிலாகத் தேசப்படப் புத்தகம் ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும்? அப்படி ஒரு வீட்டில் நடந்தது. அதன் பலனாக ஒரு பெண்மணி ஐரோப்பாவின் மேற்குக் கரையிலிருந்து பனியையும் பாலையையும் மலைகளையும் கடந்து, தன்னந்தனியாகச் சைக்கிளிலேயே நம் டில்லி மாநகருக்கு வந்து சேர்ந்தார். அந்தப் பெண்மணியின் பெயர் டெர்வ்லா மர்பி. அவருடைய பிரயாணத்தைவிட, அந்தப் பிரயாணம் கிளம்புவதற்கு ஆன காலந்தான் நம் குடும்பங்கள் அறிய வேண்டிய விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

அயர்லாந்தின் தெற்கே, வாட்டர்போர்டு ஜில்லாவில், லிஸ்மோர் என்று ஒரு சிறிய ஊர். கருநீர் ஆறு என்று பொருள்படும் பிளாக்வாட்டர் நதி அதன் அருகே ஓடுகிறது. டெர்வ்லா அங்கே 1931-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 28-ஆம் தேதி பிறந்தார். தகப்பனார் ஜில்லாப் புத்தகசாலையின் அதிகாரி. வீட்டில் பணம் குறைவு, புத்தகம் அதிகம். இம்மாதிரிக் குடும்பங்கள் நம் ஊரிலும் உண்டல்லவா? அரிசி டப்பாவுக்குப் பக்கத்திலும் புத்தகம் இருக்கும். புத்தகத்தினாலேயே அரிசி குறைவாகவும் இருக்கும்.

குழந்தை பிறந்த சிறிது காலத்துக்கெல்லாம் தாயாருக்குக் கீல்வாதம் கண்டது. கை கால் மூட்டுக்களைச் சிறிது சிறிதாக முடக்கும் கொடிய வியாதி அது. அந்த அம்மாள் வரவர நடமாட்டம் இழந்து சக்கர நாற்காலியில் அமர்ந்துவிட்டார். வேறு குழந்தைகள் இல்லை.

1941-ஆம் வருஷம் டெர்வ்லாவுக்குப் பத்து வயது நிறைந்தது. அப்பா அம்மா கொடுத்த பரிசு ஒரு பழைய சைக்கிள். தாத்தா அனுப்பிய பரிசு ஒரு பழைய தேசப்படப் புத்தகம். இரண்டும் வேறொருவர் உபயோகித்துக் கழித்தவை. சில நாள் கழித்து, ஊருக்கு அருகே செங்குத்தான ஒரு மேட்டுச் சாலையில் ஏறிக்கொண்டிருந்தபோது குழந்தை குனிந்து தன் கால்களைப் பார்த்தது. இந்தக் கால்கள் இப்படியே மிதித்துக்கொண்டிருந்தால் வண்டி போய்க்கொண்டே இருக்கும். போய்க்கொண்டே இருந்தால் இந்தியாவுக்கே போய்விடலாம் என்று தோன்றிற்று. தேசப்படத்தைப் புரட்டினால் விஷயம் இன்னும் சுலபமாகத் தெரிந்தது. பிரான்ஸுக்குப் போகும் வரையில்தான் கடல். அப்புறம் பிரான்ஸிலிருந்து இந்தியா வரையில் ஏறக்குறைய முழுவதும் தரைதான்! சைக்கிள் நீந்தாது என்ற ஒரே ஒரு குறையை இந்தப் பாதை தீர்த்து வைத்தது.

குழந்தைகளுக்கு இம்மாதிரி எண்ணங்கள் தோன்றுவது அதிசயமல்ல. ஆகாய விமானம் ஓட்டுவேன் என்பார்கள். அடுத்த வாரம் ஐஸ் கிரீம் கடை வைப்பேன் என்பார்கள். இந்தக் குழந்தை வேறு விதமாக நடந்துகொண்டது. பெரியவர்களிடம் சொன்னால் தலையைத் தடவிக் கொடுத்துச் சிரிப்பார்கள் என்று தெரிந்து, ஒருவரிடமும் சொல்லாமல் எண்ணத்தை மனத்துக்குள் பூட்டி வைத்துக்கொண்டது. அந்தப் பூட்டைத் திறக்க இருபத்தொரு வருஷம் ஆயிற்று.

பதினான்காவது வயதில் டெர்வ்லாவின் படிப்பு நின்றது. தாயாரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. எழுந்து உட்காரவும் பிறர் கை வேண்டிய நோயாளியைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, சமைப்பது, வீட்டைக் கவனிப்பது எல்லாம் அந்தப் பெண்ணின் தலையில் விழுந்தன. ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷமல்ல, பதினாறு வருஷங்கள். கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போனார்கள், உத்தியோகம் பார்த்தார்கள், கலியாணம் செய்துகொண்டார்கள். டெர்வ்லா அடுப்பங்கரைக்கும் நோயாளியின் கட்டிலுக்கும் இடையே நடந்துகொண்டிருந்தார்.

இந்த இடத்தில் நேயர்களில் பலருக்குத் தங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, அத்தை வீட்டிலோ உள்ள ஒரு பெண்ணின் முகம் ஞாபகம் வரும். பக்கவாதத்தில் படுத்த தகப்பனாருக்காகவோ, நினைவு தப்பிய பாட்டிக்காகவோ, வேலையை விட்டு, கலியாணத்தைத் தள்ளிப்போட்டு, வீட்டோடு இருந்துவிட்ட பெண். உறவினர்கள் வரும்போதெல்லாம் "தங்கமான பெண்!" என்று சொல்லிக் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். தங்கத்துக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டியிருக்குமே என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தங்கத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதுதானே வழக்கம்?

அந்தப் பதினாறு வருஷங்களைப் பற்றி டெர்வ்லா மர்பி பிற்காலத்தில், 1979-இல், ஒரு சுயசரிதை எழுதினார். தியாகத்தின் மகிமையைப் பற்றிய புத்தகமல்ல அது. தாயாரிடம் அவருக்கிருந்த அன்பு அதில் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. வயது ஏற ஏற நோய் முற்றி, நோயோடு தாயாரின் பிடியும் இறுகியபோது, மகளின் மனம் ஒடிந்துபோகும் நிலைக்கு வந்ததையும் அவர் மறைக்கவில்லை. கடமையைச் செய்தவர்கள் கசப்பைச் சொன்னால் கடமை கெட்டுப் போய்விடும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அப்படியொன்றும் கெட்டுப் போவதில்லை.

ஆனால் அந்த வீட்டில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. மகளைச் சில வாரங்களுக்கு வெளியே போய் வரும்படி தாயாரே தூண்டினார். 1951-இல் டெர்வ்லா சைக்கிளில் ஏறி வேல்ஸ், தென் இங்கிலாந்துப் பகுதிகளைச் சுற்றி வந்தார். 1952-இல் பெல்ஜியம், ஜெர்மனி, பிரான்ஸ். 1954-இலும் 1956-இலும் ஸ்பெயின். ஒவ்வொன்றும் சில வாரப் பிரயாணந்தான். அந்தச் சில வாரங்களை வீடு எப்படியோ சமாளித்தது. வீடு சமாளிக்க முடியும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. திரும்பி வந்தபின் மறுபடியும் அதே கட்டில், அதே அடுப்பு. ஆயினும் வீடு திரும்பிய பெண், புறப்பட்டுப் போன அதே பெண் அல்ல. பார்த்ததைக் கட்டுரைகளாக எழுதினார். பத்திரிகைகள் சில அவற்றை வெளியிட்டன.

அது மாத்திரமா? சாலை கற்றுக்கொடுக்கும் பாடங்களையெல்லாம் இந்தச் சிறு பிரயாணங்களில் கற்றுக்கொண்டார். ஒரு நாளைக்குத் தன் உடம்பு எத்தனை மைல் தாங்கும். எதிர்காற்றில் அது எவ்வளவாகக் குறையும். இருட்டுவதற்கு எத்தனை நேரத்துக்கு முன்னால் தங்க இடம் தேட வேண்டும். பாஷை தெரியாத ஊரில் எப்படிக் கேட்டால் கதவு திறக்கும். இவற்றை எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக் கொடுப்பதில்லை.

1961-இல் தகப்பனார் காலமானார். 1962-இல் தாயாரும் காலமானார். டெர்வ்லாவுக்கு முப்பது வயது. துக்கமும் விடுதலையும் ஒன்றாக வந்து சேர்ந்தன. வேறு யாராயிருந்தாலும், இனி என்ன செய்வது என்று திகைத்து நின்றிருப்பார்கள். டெர்வ்லாவுக்குத் திகைப்பதற்கு அவகாசமில்லை. பத்து வயதிலேயே தீர்மானித்து வைத்த வேலை காத்துக்கொண்டிருந்தது.

அவர் வைத்திருந்தது ஆம்ஸ்ட்ராங் கேடட் என்ற ஆண்கள் சைக்கிள். கனமான வண்டி. டான் க்விக்ஸாட் கதையில் வரும் கிழட்டுக் குதிரையின் பெயரையே அதற்குச் சூட்டி, 'ராஸ்' என்று செல்லமாக அழைத்தார். பிரயாணத்துக்கு முன்னால் அந்த வண்டியில் அவர் செய்த முக்கியமான மாறுதல், புதிதாக ஒன்றைச் சேர்த்ததல்ல. இருந்த ஒன்றைக் கழற்றியது. மூன்று விசை கொண்ட கியரைக் கழற்றி எறிந்துவிட்டார்!

இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஏற்றத்தில் உதவுவதே கியர்தானே? ஆம், ஆனால் அது நுட்பமான யந்திரம். கல்லிலும் புழுதியிலும் அடிபட்டு அது முறிந்தால், பாரசீகத்து மண் சாலையில் எந்தக் கடையில் அதற்கு உறுப்பு கிடைக்கும்? கியர் இல்லாத சைக்கிளில் ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும்; அவ்வளவுதான். செயின் அறுந்தாலும் பெடல் வளைந்தாலும் கிராமத்துக் கொல்லன் சுத்தியலால் தட்டிச் சரிசெய்துவிடுவான். மனித சஞ்சாரம் குறைந்த தேசத்தில் நல்ல வண்டி எது என்றால், வேகமாகப் போகும் வண்டியல்ல. கெட்டுப்போனால் அங்கேயே சீர்ப்படுத்தக் கூடிய வண்டி. டயர் மட்டும் எந்தக் கொல்லனாலும் செய்ய முடியாதது. ஆகவே வழியிலுள்ள சில பட்டணங்களுக்கு முன்கூட்டியே டயர்களை அனுப்பி வைத்தார்.

தொலைதூரச் சைக்கிள் யாத்திரையின் சாஸ்திரம் இவ்வளவுக்குள் அடங்கிவிடுகிறது. நடக்கிறவன் செலவிடும் அதே பலத்தைக் கொண்டு சைக்கிளில் போகிறவன் மூன்று மடங்கு தூரம் போகலாம். ஆனால் அது நல்ல சாலையில். மோட்டார் வண்டிகள் ஓடி ஓடி மண் சாலையில் குறுக்கே அலை அலையாக மேடு பள்ளம் விழுந்துவிட்டால், அந்த லாபமெல்லாம் போய்விடும். பின் சக்கரத்தின் மேல் மூட்டை அழுத்த, கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும். சக்கரத்துக்குக் கோட்டம் எடுக்கத் தெரியாதவன் சைக்கிளைத் தோளில் சுமக்கத் தெரிந்திருக்க வேண்டும். மலை உயரங்களில் இன்னொரு சங்கடம். 4,000 மீட்டருக்குச் சற்று மேலே போனால், ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு சமவெளியில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். தள்ளுகிற சைக்கிள் அங்கே இரண்டு சைக்கிளாகக் கனக்கும்.

1963-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் பிரான்ஸ் தேசத்து டன்கர்க் துறைமுகத்திலிருந்து டெர்வ்லா மர்பி தம் யாத்திரையைத் தொடங்கினார். முகூர்த்தம் பார்த்துக் கிளம்பியவர் அல்ல என்பது நிச்சயம். 1740-க்குப் பிறகு இங்கிலாந்து கண்டிராத கடுங்குளிர் அந்த வருஷத்தில்தான். ஐரோப்பா முழுவதும் பனி மூடிக் கிடந்தது. சாலை என்பது பனிக்கட்டி. காற்று என்பது கத்தி. சில இடங்களில் சைக்கிளில் ஏறவே முடியாமல் ரயிலிலும் லாரியிலும் போக வேண்டியிருந்தது. அதை அவர் ஒளிக்கவுமில்லை, அதற்காக வெட்கப்படவுமில்லை. யாத்திரை செய்வதுதான் நோக்கம்; பந்தயம் ஜயிப்பது நோக்கமல்ல.

கைத்துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. அப்போது யூகோஸ்லாவியா என்று ஒரே நாடாயிருந்த தேசத்தில், பசியால் பாய்ந்து வந்த ஓநாய்களிடமிருந்து அது அவரைக் காப்பாற்றியது. பின்னர்த் துஷ்டர்களை மிரட்டவும் அது உதவிற்று. இந்த விஷயங்களைக் கேட்டதும் நம் வீட்டுப் பெரியவர்கள், "அதுதான் நாங்கள் சொன்னோம்!" என்பார்கள். ஆனால் கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஆறு மாதப் பிரயாணத்தில் துப்பாக்கி வேண்டியிருந்தது சில நிமிஷங்கள். மற்றவரின் தயவு வேண்டியிருந்தது ஒவ்வொரு நாளும். அது ஒவ்வொரு நாளும் கிடைத்தது. துருக்கியிலும் ஈரானிலும் ஆப்கானிஸ்தானத்திலும் மண் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் போலீஸ் சாவடிகளிலும் அவர் படுத்து எழுந்தார். பாஷை தெரியாது, கொடுக்கப் பணமும் அதிகமில்லை. புழுதி படிந்து, களைத்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் ஒருத்தியைப் பார்த்து யாருக்குத்தான் பயம் வரும்? மோட்டார் காரில் வருகிறவனைப் பார்த்தால் ஜனங்கள் விலகி நிற்கிறார்கள். சைக்கிளில் வருகிறவளைப் பார்த்தால் தண்ணீர் கொண்டு வருகிறார்கள்.

பிரயாணத்தில் அவருக்கு நேர்ந்த பெரிய காயத்தின் கதை வேடிக்கையானது. மலையில் விழவில்லை, திருடன் அடிக்கவில்லை. ஆப்கானிஸ்தானத்தில் ஒரு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். பிரயாணிகளுக்குள் சண்டை மூண்டது. யாரையோ நோக்கி வீசிய துப்பாக்கியின் அடிக்கட்டை இவர் மேல் பட்டு மூன்று விலா எலும்புகள் முறிந்தன. சைக்கிளில் போனால் ஆபத்து, பஸ்ஸில் போனால் க்ஷேமம் என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்வார்களோ, தெரியவில்லை! சில நாள் ஓய்வெடுத்துக்கொண்டு மேலே கிளம்பினார்.

அந்தக் காலத்து ஆப்கானிஸ்தானத்தைப் பற்றி இன்று படிக்கும்போது மனம் கனக்கிறது. அமெரிக்கரும் ஸோவியத் நாட்டாரும் அங்கே போட்டி போட்டுக்கொண்டு சாலை போட்ட காலம் அது. ஹிந்து குஷ் மலையைக் குடைந்த ஸலாங் சுரங்கம் மறு வருஷந்தான், 1964-இல், திறக்கப்பட்டது. ஆகையால் வடக்கே போகிறவர்கள் ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரமுள்ள ஷிபார் கணவாயைத்தான் கடக்க வேண்டும். அதன் வழியே டெர்வ்லா மர்பி பாமியான் பள்ளத்தாக்குக்குப் போனார். முன்னொரு காலத்தில் யுவான் சுவாங் வந்து கண்ட அதே பாமியான். மலைச் சுவரில் குடைந்த 55 மீட்டர், 38 மீட்டர் உயரப் புத்தர் சிலைகள் இரண்டும் அப்போது நின்றிருந்தன. 2001 மார்ச் மாதத்தில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 1979-இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானத்தில் ஸோவியத் படையெடுப்பும் நேர்ந்தபின், ஐரோப்பாவிலிருந்து தரைவழியே இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த யாத்திரிகர் கூட்டமே கலைந்து போயிற்று. அந்தத் தேசத்து ஜனங்களிடம் அவர் கொண்ட அன்பு கடைசிவரை மாறவில்லை. யுத்தச் செய்திகளில் மாத்திரம் ஆப்கானியரை அறிந்த நமக்கு, ஒரு சைக்கிள்காரியின் புத்தகம் அவர்களை வீட்டுக்குள்ளிருந்து காட்டுகிறது.

பிறகு கைபர் கணவாய் வழியாகப் பாகிஸ்தான். ஸ்வாத், கில்கித் என்ற மலை நாடுகள். பாபுஸர் கணவாய் 4,173 மீட்டர் உயரம். அங்கே பனியில் சைக்கிளை இழுத்துக்கொண்டு ஏறி இறங்கினார். ஜூலை மாதத்தில் டில்லி வந்து சேர்ந்தார். ஜனவரியில் பனியில் விறைத்தவர், ஜூலையில் பஞ்சாப் வெயிலில் வெந்தார். இரண்டுக்கும் ஒரே சைக்கிள்தான்.

சரி, டில்லிக்கு வந்து என்ன செய்தார்? கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். பாராட்டுக் கூட்டங்களில் மாலை போட்டுக்கொண்டு ஊர் திரும்பவில்லை. 1959-இல் தலாய் லாமா இந்தியாவில் தஞ்சம் புகுந்ததைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான திபெத்தியர் வந்துகொண்டிருந்தனர். பெற்றோர்கள் இமயமலைச் சாலைகளில் கல் உடைத்தனர். குழந்தைகள் தர்மசாலையில் தலாய் லாமாவின் தமக்கையார் நடத்திய விடுதியில் நெருக்கியடித்துக் கிடந்தனர். சிரங்கு, வயிற்றுப்போக்கு, அம்மை, ஊட்டக்குறைவு. போதிய கைகள் இல்லை. டெர்வ்லா மர்பி அங்கே போய் அந்த வருஷக் கடைசி வரையில் குழந்தைகளைக் குளிப்பாட்டி, புண்களைக் கழுவி, மருந்து போட்டார். லிஸ்மோரில் பதினாறு வருஷம் நோயாளியின் கட்டிலருகில் பழகிய கைகள் அல்லவா? அந்த வருஷங்கள் வீணாயின என்று யார் சொல்ல முடியும்? அதே சமயம், அந்தக் கைகள் லிஸ்மோரிலேயே முடங்கிப் போயிருந்தால் தர்மசாலைக் குழந்தைகளுக்குக் கிடைத்திருக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இம்மாதிரித் துணிச்சல் ஐரோப்பியருக்கே உரியது என்று எண்ணிவிட வேண்டாம். டெர்வ்லா பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்பே, 1923 அக்டோபரில், பம்பாய் பளு தூக்கும் சங்கத்தைச் சேர்ந்த ஆறு பார்ஸி இளைஞர்கள் சைக்கிளில் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார்கள். அவர்கள் போனது எதிர்த் திசை: பலூசிஸ்தானம், பாரசீகம், ஈராக், ஸிரியப் பாலைவனம், ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், கொரியா, சீனா, பர்மா. இடையில் மூவர் பிரிந்துவிட்டனர். அதி ஹகீம், ஜால் பாபஸோலா, ருஸ்தம் பும்காரா என்ற மூவர் சுமார் 71,000 கிலோமீட்டர் சுற்றி, 1928 மார்ச்சில் பம்பாய் திரும்பினார்கள். அடிமைத் தேசத்து இளைஞர்கள், பிறர் பிடித்த குடை நிழலில் அல்லாமல் தங்கள் காலின் பலத்தாலேயே உலகத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த மூன்று பெயர்கள் தெரியும்?

டெர்வ்லா மர்பியின் பிரயாணப் புத்தகம் 1965-இல் வெளிவந்தது. அப்புறம் இருபதுக்கு மேற்பட்ட புத்தகங்கள். 1968-இல் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்கு ஐந்து வயது நிறையும் தறுவாயில், 1973-இல், அதைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடியும் இந்தியாவுக்கு வந்து நமக்கு அண்டை நாடான குடகில் சில காலம் வசித்தார். அறுபது வயதில் ஆப்பிரிக்காவில் கென்யாவிலிருந்து ஜிம்பாப்வே வரையில் சைக்கிளில் போனார். 2022 மே மாதம் 22-ஆம் தேதி, தொண்ணூறாவது வயதில், பிறந்த ஊராகிய லிஸ்மோரிலேயே காலமானார். உலகமெல்லாம் சுற்றியவர் வீட்டை விட்டுவிடவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே பெண்களைப் பாமியானுக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்ல விரும்புவது இரண்டே விஷயங்கள்.

ஒன்று, பிரயாண ஆசையுள்ள பிள்ளைகளுக்கு. பெரிய யாத்திரைக்கு முன்னால் சிறிய யாத்திரைகள் வேண்டும். முதலில் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் தூரத்திலுள்ள ஊருக்குப் போய் ஓரிரவு தங்கி வாருங்கள். பிறகு மூன்று நாள். பிறகு ஒரு வாரம். பஞ்சர் ஒட்டவும், செயின் மாட்டவும், பிரேக் கட்டை மாற்றவும் தெருமுனைச் சைக்கிள் கடைக்காரரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அவர் மகிழ்ச்சியோடு கற்றுக் கொடுப்பார். தாகம் எடுக்கும் முன்பே தண்ணீர் குடியுங்கள். அடுத்த கிணறு எங்கே என்று இந்தக் கிணற்றடியிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே தங்குமிடம் சேருங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று தினம் ஒரு முறை வீட்டுக்குத் தெரிவியுங்கள். அது அடிமைத்தனம் அல்ல, மரியாதை.

இரண்டாவது, பெரியவர்களுக்கு. உங்கள் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டு வருஷக்கணக்காகக் கட்டுண்டு கிடக்கும் மகளோ மருமகளோ மகனோ இருந்தால், வருஷத்துக்கு மூன்று வாரம் அவரை வெளியே அனுப்புங்கள். அண்ணன் வரட்டும், சித்தி வரட்டும், "தங்கமான பெண்!" என்று புகழ்ந்தவர்கள் ஆளுக்கு ஐந்து நாளாகப் பங்கு போட்டுக்கொண்டு வந்து பார்த்துக்கொள்ளட்டும். சாப்பாட்டில் உப்புச் சற்று முன்பின்னாக இருக்கும். மருந்து அரை மணி தாமதமாகும். வேறு ஒன்றும் நேர்ந்துவிடாது. போகிறவர் சைக்கிளில்தான் போக வேண்டும் என்பதில்லை. ரயிலில் போகட்டும், ராமேசுவரம் போகட்டும், ஒன்றும் செய்யாமல் சிநேகிதி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கட்டும். போய்விட்டுத் திரும்பி வருவார். லிஸ்மோரில் அந்த நோயாளித் தாயாரே மகளைப் போய் வா என்று சொன்னார். நான்கு தடவை போனவர் நான்கு தடவையும் திரும்பி வந்தார்.

அடுத்த பிறந்த நாளுக்கு உங்கள் வீட்டுக் குழந்தைக்குச் சைக்கிள் வாங்குவதாயிருந்தால், கூட ஒரு தேசப்படப் புத்தகமும் வாங்கிக் கொடுங்கள். பழையதாயிருந்தாலும் பாதகமில்லை.